பனியன் கம்பெனிப் பணி விவரக் குறிப்பில் தொழில் குறியீடு சேர்ப்பது எப்படி?

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்காக எல்லாப் பிரிவுகளுக்கும் பணி விவரக் குறிப்புகள் எழுதினேன். ஒவ்வொன்றிலும் தேசியத் தொழில் வகைப்பாட்டின் (என்.சி.ஓ. 2015) குறியீட்டையும் சேர்த்தேன். அந்த அனுபவத்தை வைத்துப் புதிதாகத் தொடங்குவோருக்காக இதை எழுதுகிறேன். வேறு தொழிலில் இருப்பவர்களுக்கும் முறை இதுவேதான்.

குறியீடு எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில். "டெய்லர்" என்று மட்டும் எழுதிய அனுபவச் சான்றிதழை வெளியூர்க்காரர் ஒருவர் படித்தால், அந்தத் தொழிலாளி ஓவர்லாக் தையல் எந்திரம் ஓட்டினாரா, முழுச் சட்டையை வெட்டித் தைத்தாரா என்று அவருக்குத் தெரியாது. குறியீடு அதைச் சொல்லிவிடும். திறன் பயிற்சிக்கான தகுதித் தொகுப்புகளிலும் இதே குறியீடுதான் அச்சாகிறது. ஒருமுறை சரியாக எழுதிவைத்தால் பல இடங்களில் கைகொடுக்கும்.

படி 1: பதவிப் பெயரை மூடிவையுங்கள்

முதலில் அந்த ஆள் காலை முதல் மாலை வரை என்ன செய்கிறார் என்பதை வினைச்சொற்களாக எழுதுங்கள். லைனில் போய் நின்று பார்த்து எழுதுவது நல்லது. "ஓவர்லாக் எந்திரத்தில் தோள் இணைக்கிறார், பக்கத் தையல் போடுகிறார், நூல் கோக்கிறார், உடைந்த ஊசியை மாற்றுகிறார்" என்று ஐந்தாறு வரிகள் போதும். பதவிப் பெயர் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். செய்கிற வேலை அவ்வளவாக மாறாது.

படி 2: முதல் நான்கு இலக்கங்கள்

என்.சி.ஓ. குறியீட்டுக்கு எட்டு இலக்கங்கள். முதல் நான்கும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் ஐ.எஸ்.சி.ஓ. 08 வகைப்பாட்டை ஒட்டியவை. புள்ளிக்குப் பின்வரும் நான்கு இலக்கங்கள் இந்தியத் தேவைக்காகச் சேர்க்கப்பட்டவை. எனவே நேராக எட்டு இலக்கத்தைத் தேடாதீர்கள். சர்வதேச அமைப்பு இலவசமாக வெளியிட்டிருக்கும் ஐ.எஸ்.சி.ஓ. 08 விளக்கத் தொகுதியை முதலில் திறந்துகொள்ளுங்கள். அதில் ஒவ்வொரு பிரிவின் கீழும் பணிகளின் பட்டியல், அதில் சேரும் வேலைகள், நெருக்கமாகத் தெரிந்தாலும் வேறு இடத்தில் சேர்க்கப்பட்ட வேலைகள் ஆகிய மூன்றும் இருக்கும். மூன்றாவதைத்தான் நான் முதலில் படிக்கச் சொல்வேன். பெரும்பாலான குழப்பங்கள் அங்கேயே தீர்ந்துவிடும்.

இலக்கங்கள் மரக்கிளை போல விரிகின்றன: 8 என்றால் எந்திரங்களை இயக்குவோர், 81 நிலையான எந்திரங்கள், 815 துணி, ரோமம், தோல் பொருள் எந்திரங்கள், 8153 தையல் எந்திரம் இயக்குவோர். ஓவர்லாக், பேட்லாக் தையல் எந்திரங்களை ஓட்டுபவர்கள் இங்கேதான் வருகிறார்கள். அவர்களை எல்லோரும் டெய்லர் என்று அழைப்பதால் 7531 போட்டுவிடத் தோன்றும். ஆனால் 7531 அளவெடுத்து, வெட்டி, தைத்து, பொருத்திப் பார்த்து ஓர் ஆடையை முழுதாக உருவாக்குபவருக்கு உரியது. பனியன் கம்பெனியில் அதற்கு நெருக்கமாக இருப்பவர், சாம்பிள் பிரிவில் ஒரு பீஸை முழுவதும் தானே தைத்துத் தருகிற டெய்லர்.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பேட்டர்ன் மாஸ்டரும் கட்டிங் மாஸ்டரும் 7532. வட்டப் பின்னல் எந்திரம் ஓட்டுபவர் 8152. சாயப்பட்டறை எந்திரக்காரர் 8154. தையல் எந்திர மெக்கானிக் 7233. செக்கிங் செய்பவர் 7543. கையால் பேக்கிங் செய்பவர் 9321. அயனிங் மட்டும் கொஞ்சம் யோசிக்க வைக்கும்: இஸ்திரிப் பெட்டியைக் கையில் பிடித்துத் தேய்ப்பவர் 9121, அழுத்தும் எந்திரத்தை இயக்குபவர் 8157.

9329 பற்றி ஓர் எச்சரிக்கை. "வேறெங்கும் வகைப்படுத்தப்படாத உற்பத்தித் தொழிலாளர்" என்ற இந்தப் பிரிவு, ஹெல்பர் என்று பதிவான எல்லோரையும் கொண்டுபோய்ப் போடுவதற்கு வசதியாகத் தெரியும். பிசிர் வெட்டுவதும் கைமடிப்பதும் மட்டுமே செய்பவருக்கு அது சரி. ஆனால் பதிவேட்டில் ஹெல்பராக இருந்துகொண்டே தினமும் எந்திரத்தில் உட்கார்ந்து தைக்கும் பெண்கள் இருக்கிறார்கள். 9-இல் தொடங்கும் தொழில்களுக்குத் திறன் நிலை ஒன்று. 8-இல் தொடங்குபவற்றுக்கு இரண்டு, அதாவது ஒரு படி மேல். சோம்பலாக 9329 எழுதினால், ஒருவர் கற்ற தொழிலையே காகிதத்தில் அழிக்கிறோம். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

படி 3: இரண்டு வேலை செய்பவர்கள்

இதற்கு ஐ.எஸ்.சி.ஓ. விதிகள் உள்ளன. இரண்டு வேலைகளுக்கும் தேவையான திறன் நிலை வேறுபட்டால், உயர்ந்த திறன் கேட்கும் வேலையின்படி வகைப்படுத்த வேண்டும். ஒன்று உற்பத்தி, மற்றது விற்பனை அல்லது விநியோகம் என்றால் உற்பத்திக்கே முன்னுரிமை. ரொட்டி சுட்டு அதைத் தானே விற்பவர் ரொட்டி சுடுபவராகத்தான் கணக்கிடப்படுவார். திறன் நிலை ஒன்றாக இருந்தால் எது பெரும்பகுதியோ அது.

லைன் சூப்பர்வைசரிடம் இது நன்றாக விளங்கும். ஆட்களைப் பிரித்துவிடுவது, இலக்கு வைப்பது, தரம் பார்ப்பது ஆகியவையே அவர் வேலை என்றால் 3122. பெயர்தான் சூப்பர்வைசர், நாள் முழுவதும் அவரும் தைக்கிறார் என்றால் 8153.

படி 4: எட்டு இலக்கமும் விரிதாளும்

நான்கு இலக்கம் உறுதியான பிறகு என்.சி.ஓ. 2015 தொகுதிகளில் அந்த எண்ணைத் தேடுங்கள். அதன் கீழ் வரும் விளக்கங்களில் உங்கள் வினைச்சொற்களோடு பொருந்துவதை எடுங்கள். இணையத்தில் பழைய என்.சி.ஓ. 2004-ம் உலவுகிறது. அது ஐ.எஸ்.சி.ஓ. 88-ஐ ஒட்டியது, அதில் தையல் எந்திரக்காரர் 8263. புதியதில் 82 என்பது பொருத்துநர்களுக்குப் போய்விட்டதால், தையல் வேலைக்கு 82-இல் தொடங்கும் எண்ணைக் கண்டால் பழைய பட்டியல் என்று உடனே தெரிந்துகொள்ளலாம்.

இனிமேல்தான் கவனம் வேண்டும். 7531.0100 என்ற வடிவிலுள்ள குறியீட்டை எக்செல்லில் தட்டினால் அது தசம எண்ணாகி, கடைசிப் பூஜ்யங்கள் உதிர்ந்து 7531.01 என்று நிற்கும். என்.சி.ஓ. 2004-இன் குறியீடு நான்கு இலக்கம், புள்ளி, இரண்டு இலக்கம் என்ற அமைப்பில்தான் இருந்தது. ஆகவே உதிர்ந்த எண் பார்ப்பதற்குப் பழைய குறியீடு போலவே இருக்கும். சரிபார்ப்பவர் கண்ணுக்குப் பிழையாகவே படாது. தட்டத் தொடங்கும் முன்பே அந்த நெடுவரிசையை உரை வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள். பூஜ்யம் போன பிறகு மாற்றினால் அது திரும்பி வராது.

சி.எஸ்.வி. கோப்பாக அனுப்பும்போதும் இதே ஆபத்துதான். பெறுபவர் இரட்டைச் சொடுக்கில் எக்செல்லில் திறந்தால் மறுபடி பூஜ்யம் போகும். இந்த வேலைக்கு லிப்ரேஆபீஸ் கால்க்தான் என் தேர்வு. சி.எஸ்.வி. கோப்பைத் திறக்கும்போது எந்த நெடுவரிசை எந்த வகை என்று அது கேட்கிறது. உரை என்று குறித்தால் எண் அப்படியே இருக்கும்.

படி 5: குறிப்பில் எழுதுவது

பதவிப் பெயருக்குக் கீழே "தொழில் குறியீடு: என்.சி.ஓ. 2015 / …" என்று ஒரு வரி. ஆண்டை விட்டுவிடாதீர்கள்.

பின்சேர்க்கை: வாசகர்கள் கேட்டவை

உத்யம் பதிவில் (சிறு, குறு, நடுத்தர நிறுவனங்களுக்கான அரசுப் பதிவு) இருக்கும் குறியீட்டையே போடலாமா? கூடாது. அது என்.ஐ.சி., அதாவது நிறுவனம் என்ன தொழில் செய்கிறது என்பதற்கானது. பின்னலாடைத் தயாரிப்பு அதில் 143. என்.சி.ஓ. ஆளின் வேலைக்கானது. பனியன் கம்பெனியில் வேன் ஓட்டுபவருக்கு 8322. ஆடைக்கும் அந்த எண்ணுக்கும் தொடர்பில்லை.

மெர்ச்சண்டைசருக்கு என்ன போடுவது? ஒரே பதில் கிடையாது. மூலப்பொருள் அளவு கணக்கிட்டு, தேதி வாரியாக உற்பத்தியைப் பின்தொடர்பவர் என்றால் 4322. நூலும் பட்டனும் ஜிப்பும் விலை பேசி வாங்குபவர் என்றால் 3323. ஒரே பெயரில் இரண்டு ஆட்கள் இருந்தால் இரண்டு குறிப்புகள் எழுதுங்கள்.

குறியீடு மாறினால் சம்பளம் மாறுமா? தானாக மாறாது. குறைந்தபட்ச ஊதிய அறிவிக்கைகளுக்குத் தனி வகைப் பட்டியல் இருக்கிறது. அதையும் இதையும் கலக்க வேண்டாம். ஆனால் கைமடியில் இருந்தவர் எந்திரத்துக்கு மாறும் நாளிலேயே அவருடைய குறிப்பையும் குறியீட்டையும் மாற்றி, தேதி போட்டுவிடுங்கள். அவர் விலகும்போது தரும் அனுபவச் சான்றிதழில் இரண்டு குறியீடுகளும், எது எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை என்பதும் இருக்க வேண்டும்.