பாட்காஸ்டில் பாட்டு சேர்ப்பதற்கு முன்

தங்கையும் நானும் சேர்ந்து குழந்தைகளுக்குக் கதை சொல்லும் பாட்காஸ்ட் ஒன்றை நடத்துகிறோம். எல்லாருக்கும் தெரிந்த ஒரு திரைப்பாடலின் புல்லாங்குழல் முன்னிசையை, 18 விநாடி வெட்டி, முகப்பில் போட்டிருந்தேன். கதை தொடங்கும்போது குரலுக்கு அடியிலும் அது மெல்ல ஓடும். 14வது எபிசோடு ஏற்றிய மறுநாள் ஹோஸ்டிங் சேவையிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. இசையின் உரிமையாளர் புகார் கொடுத்திருக்கிறார், எபிசோடை எடுத்துவிட்டோம், மறுபடி நடந்தால் கணக்கையே மூடவேண்டி வரும் என்று எழுதியிருந்தார்கள். 14 எபிசோடிலும் அதே இசைதான். எல்லாவற்றையும் நாங்களே இறக்கினோம். 9 கதைகளுக்குக் குரல் தனிக் கோப்பாக இருந்தது, அதனால் தப்பித்தன. மீதி 5க்குக் குரலும் இசையும் கலந்த எம்பி3 மட்டும்தான் கையில் இருந்தது. அந்த ஐந்தையும் திரும்பச் சொல்லிப் பதிவு செய்தோம். முதல் தடவை தங்கை தன்னை மறந்து சிரித்த இடங்களில் இரண்டாம் தடவை அந்தச் சிரிப்பு வரவில்லை. எனக்கு இன்றும் அது வருத்தம்தான்.

ஆகவே எல்லாவற்றுக்கும் முதலாவதாக இதைச் சொல்கிறேன்: எடிட்டிங் மென்பொருளில் குரலுக்கு ஒரு டிராக், இசைக்கு ஒரு டிராக் என்று பிரித்தே வையுங்கள். எம்பி3 எடுத்த பிறகும் அந்த ப்ராஜெக்ட் கோப்பை அழிக்காதீர்கள். கலந்த ஒலியிலிருந்து இசையைப் பிரித்தெடுக்கும் கருவிகள் இப்போது இருக்கின்றன, ஆனால் குரலில் கறை தங்கிவிடுகிறது.

சரி, இசைக்கு வருவோம். ஒரு பாட்டுக்கு ஒரே ஒரு உரிமையாளர்தான் என்று நினைத்துத்தான் பலரும் தவறுகிறோம். மெட்டும் வரிகளும் ஒரு படைப்பு. அதைப் பாடி, வாசித்துப் பதிவு செய்த ஒலி இன்னொரு படைப்பு. முதலாவது பெரும்பாலும் இசையமைப்பாளர், பாடலாசிரியர் அல்லது அவர்களுடைய பதிப்பாளரிடம் இருக்கும். இரண்டாவது இசை நிறுவனத்திடமோ தயாரிப்பாளரிடமோ இருக்கும். பாரதியார் பாடல் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் மறைந்தது 1921இல், வரிகள் பொதுச்சொத்து. ஆனால் பின்னால் வந்த ஒருவர் அதற்குப் போட்ட மெட்டு அவருடையது, அந்த ஒலிப்பதிவு வேறொருவருடையது. தியாகராஜர் 1847இல் மறைந்தவர், கீர்த்தனையை நீங்களே பாடிப் போடலாம். ஒரு பாடகர் சில ஆண்டுகளுக்கு முன் பாடி வெளியிட்ட பதிவை எடுத்துப் போட முடியாது. இதையே திருப்பிப் போட்டால், இன்றைய பாடலை நீங்களே பாடினாலும் மெட்டுக்கும் வரிகளுக்கும் அனுமதி தேவைப்படும்.

பதிப்புரிமை எத்தனை ஆண்டு என்பது நாட்டுக்கு நாடு மாறும். பதிப்புரிமைக்கான சர்வதேச ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கை சொல்லும் குறைந்தபட்சம், படைப்பாளி மறைந்த பின் 50 ஆண்டு. இந்தியாவில் 60, ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் 70, மெக்ஸிகோவில் 100. ஒலிப்பதிவுக்குத் தனிக் கணக்கு. பாட்காஸ்டை யார் எங்கிருந்து கேட்பார்கள் என்று நமக்குத் தெரியாது, அதனால் நீளமான காலத்தையே அளவாக வைத்துக்கொள்கிறேன்.

30 விநாடிக்குள் போட்டால் பரவாயில்லை என்று எனக்கும் சொன்னார்கள். அப்படிப் பொதுவான விநாடிக் கணக்கு எதுவும் சட்டத்தில் கிடையாது. இசையமைப்பாளரின் பெயரைச் சொல்லிவிட்டால் அது நன்றி, அனுமதி ஆகாது. காசு வாங்காமல் செய்கிறோம் என்பதும் தனியாக நம்மைக் காப்பாற்றாது. பாட்டு கேட்கும் செயலிக்குக் கட்டும் மாதச் சந்தா நாம் கேட்பதற்கு மட்டும். வானொலிக்குக் கிடைக்கும் ஒலிபரப்பு உரிமமும் பொதுவாக இங்கே போதாது, ஏனென்றால் பாட்காஸ்டை இறக்கிக்கொள்ளும் ஒவ்வொருவருக்கும் பாட்டின் ஒரு பிரதி போய்ச் சேருகிறது. பிரதி எடுப்பதற்கான உரிமை வேறு.

ஒரு பாட்டைப் பற்றியே பேசுகிறீர்கள், அதன் அமைப்பை அலசுகிறீர்கள், அந்த இடம் வரும்போது சில விநாடி ஒலிக்கவிடுகிறீர்கள் என்றால் கதை வேறு. அமெரிக்காவின் நியாயப் பயன்பாடு, இந்தியச் சட்டத்தில் விமர்சனத்துக்கான விலக்கு போன்றவை அங்கே துணைக்கு வரலாம். என்ன நோக்கம், எவ்வளவு எடுத்தீர்கள், மூலப்பாட்டின் விற்பனையைப் பாதிக்கிறதா என்றெல்லாம் பார்ப்பார்கள். ஆனால் இது புகார் வந்த பின் நீங்கள் வைக்கும் வாதம், முன்கூட்டியே கிடைத்த அனுமதிச் சீட்டு கிடையாது. எங்களைப் போல முகப்பு அலங்காரத்துக்குப் போட்டவர்களுக்கு அந்த வாதமும் அநேகமாக இல்லை.

அந்தப் பாட்டுதான் வேண்டும் என்றால் கேட்டு வாங்குங்கள். ஆல்பத்தின் பக்கத்தில் வட்டத்துக்குள் P என்ற ஆங்கில எழுத்து (℗) இருக்கும், அதன் பக்கத்தில் இருக்கும் பெயர்தான் பொதுவாக ஒலிப்பதிவின் உரிமையாளர். மெட்டு, வரிகளின் பதிப்பாளரைப் பாடலுரிமைச் சங்கங்களின் தேடல் பக்கங்களில் பார்க்கலாம். இருவருக்கும் எழுதுங்கள். எந்தப் பாட்டு, எத்தனையாவது விநாடியிலிருந்து எதுவரை, எத்தனை எபிசோடுகளில், குரலுக்கு அடியிலா தனியாகவா, விளம்பரம் உண்டா என்று சொல்லிவிடுங்கள். உலகம் முழுவதும், ஸ்ட்ரீமிங்கும் டவுன்லோடும் சேர்த்து, கால வரம்பு இல்லாமல் வேண்டும் என்பதையும் எழுதுங்கள், பழைய எபிசோடுகள் பாட்காஸ்டின் ஃபீடில், அதாவது எபிசோடு பட்டியலில், இருந்துகொண்டேதான் இருக்கும். நான் மூன்று பேருக்கு எழுதினேன். பெரிய நிறுவனங்கள் இரண்டிடமிருந்தும் பதில் இல்லை, பதில் இல்லாததை இல்லை என்றே எடுத்துக்கொண்டேன். சொந்தமாக இசையமைத்து, சொந்தமாகவே வெளியிடும் ஒருவர் இரண்டே நாளில் சரி என்று எழுதினார். எல்லா உரிமையும் அவர் ஒருவரிடமே இருந்ததால் ஒரு மின்னஞ்சலில் முடிந்தது. தொடக்கக்காரர்கள் இப்படிப்பட்ட கலைஞர்களைத் தேடிப் போவது நல்லது என்பேன்.

அப்புறம் கிரியேட்டிவ் காமன்ஸ், அதாவது படைப்பாளிகளே சில நிபந்தனைகளோடு எல்லாருக்கும் முன்கூட்டியே அனுமதி கொடுத்துவிடும் உரிமங்கள். இதில்தான் நான் அதிக நேரம் செலவழித்தேன். ஃப்ரீ மியூசிக் ஆர்க்கைவ், சிசிமிக்ஸ்டர், கெவின் மெக்லியாடின் இன்காம்பெடெக் ஆகியவற்றில் இசையும், ஃப்ரீசவுண்டில் மழை, கதவு, காலடி போன்ற ஒலிகளும் கிடைக்கும். ஆனால் ஒரே தளத்துக்குள்ளேயே ஒவ்வொரு டிராக்குக்கும் உரிமம் மாறும், தனித்தனியே பாருங்கள். சிசி ஜீரோ (CC0) என்றால் நிபந்தனை இல்லை. பிஒய் (BY) என்றால் பெயர் சொல்லவேண்டும். என்சி (NC) என்று சேர்ந்திருந்தால் வணிக நோக்கத்துக்கு ஆகாது, என்றாவது ஒரு ஸ்பான்சர் வரலாம் என்று நினைப்பவர்கள் முதலிலேயே அதைத் தவிர்த்துவிடுங்கள். எஸ்ஏ (SA) என்றால் அதை மாற்றி உருவாக்கும் புதிய ஆக்கத்தையும் அதே உரிமத்தில் வெளியிட வேண்டும். என்டி (ND) இருந்தால் மாற்றி அமைத்து வெளியிடக்கூடாது. வெட்டி, குரலோடு கலக்கும் நமக்கு அது தொல்லை, வீடியோவோடு இணைத்துப் போடவோ நிச்சயம் முடியாது.

எபிசோடு குறிப்பில் நான் எழுதும் வரியில் டிராக்கின் தலைப்பு, கலைஞர் பெயர், எடுத்த பக்கத்தின் முகவரி, உரிமத்தின் பெயரும் எண்ணும் அதன் இணைப்பும், கடைசியில் ‘நீளம் குறைக்கப்பட்டது’ என்ற குறிப்பும் இருக்கும். தவறுதலாக விட்டுப்போனால் பதற வேண்டாம். கிரியேட்டிவ் காமன்ஸின் 4.0 பதிப்பு உரிமங்களில், மீறல் தெரியவந்த 30 நாளுக்குள் சரிசெய்தால் இழந்த உரிமை தானாகத் திரும்பி வரும்.

‘ராயல்டி ஃப்ரீ’ என்ற சொல்லில் மயங்காதீர்கள். ஒருமுறை உரிமம் வாங்கினால் ஒவ்வொரு கேட்புக்கும் தனியாகக் கட்டவேண்டாம் என்பதுதான் பொருள். சந்தா கட்டி இசை எடுக்கும் நூலகமாக இருந்தால், பாட்காஸ்டுக்கும் செல்லுமா, சந்தாவை நிறுத்திய பிறகு பழைய எபிசோடுகள் என்னாகும் என்ற இரண்டையும் படித்துவிட்டுக் கட்டுங்கள்.

எங்கள் முகப்பு இசை இப்போது ஒரு தோழி வாசித்த புல்லாங்குழல். மெட்டும் அவளுடையதே. தோழிதானே என்று விட்டுவிடாமல் ஒரு பக்கக் கடிதம் எழுதிக் கையெழுத்து வாங்கினேன். மெட்டும் பதிவும் அவளுடையவை, இந்த பாட்காஸ்டிலும் அதன் விளம்பரத் துணுக்குகளிலும் காலவரையின்றிப் பயன்படுத்தலாம், ஒவ்வொரு எபிசோடிலும் அவள் பெயர் வரும், வேறெங்கு வேண்டுமானாலும் அவள் அதை வாசிக்கலாம் என்று அதில் இருக்கிறது.

அந்தக் கடிதம், அனுமதி மின்னஞ்சல், ஒவ்வொரு டிராக்கின் உரிமப் பக்கத்தைத் தேதியோடு எடுத்த ஸ்கிரீன்ஷாட் எல்லாம் எபிசோடு எண் போட்ட ஃபோல்டர்களில் இருக்கின்றன. போன மாதம் ஒரு கதையின் வீடியோ வடிவத்துக்குத் தானியங்கிப் புகார் வந்தது. இலவச உரிமத்தில் எடுத்த மழைக்கால இசையை வேறு யாரோ தன் பெயரில் பதிந்திருந்தார்கள். ஸ்கிரீன்ஷாட்டையும் பக்க முகவரியையும் இணைத்து மறுப்பு அனுப்பினேன், ஐந்தாம் நாள் புகார் நீங்கியது.