'இலவச' போன் ஒப்பந்தத்திலிருந்து வெளியே வந்த கதை

டொராண்டோ வந்த புதிதில் கையில் காசு இல்லை, அதனால் 'போன் இலவசம், 2 வருட ஒப்பந்தம்' என்றதும் கையெழுத்துப் போட்டுவிட்டேன். மாதம் 80 டாலர். 600 டாலர் போனின் விலை அந்த மாதக் கட்டணத்துக்குள்தான் இருக்கிறது என்பது அப்போது உறைக்கவில்லை. வேலை நேரம் குறைந்தபோது சின்ன பிளானுக்கு மாறக் கேட்டேன், ஒப்பந்தம் முடியும்வரை முடியாது என்றார்கள். பாதி டேட்டாகூட நான் பயன்படுத்தவில்லை, அதுதான் ரொம்ப வலித்தது.

17 மாதம் முடிந்ததும் கணக்குப் போட்டேன். கனடாவின் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பான சிஆர்டிசி விதிப்படி, இடையில் விலகினால் போனுக்குத் தந்த சலுகையில் மிச்சம் இருப்பதை மட்டும்தான் கேட்கலாம், அதுவும் மாதாமாதம் சம அளவில் குறைந்து 24 மாதத்தில் பூஜ்யமாகிவிட வேண்டும். அப்படியானால் 600-ஐ 24-ஆல் வகுத்தால் மாதம் 25, மீதி 7 மாதத்துக்கு 175 டாலர். சொந்த போன் வைத்திருப்பவர்களுக்கான 40 டாலர் பிளானுக்குப் போனால் அதே 7 மாதத்தில் 280 மிச்சம். சரி, போய்விடலாம் என்று முடிவெடுத்தேன். (போன் லாக், அதாவது விற்ற நிறுவனத்தின் சிம் மட்டுமே வேலை செய்யும்படி பூட்டி வைப்பது பற்றிப் பயம் வேண்டாம், 2017 டிசம்பர் முதல் அங்கே லாக் செய்து விற்கக் கூடாது.)

ஒன்று மட்டும் கவனம்: பழைய இணைப்பை நீங்களே முதலில் ரத்து செய்யாதீர்கள், எண் போய்விடும். புதிய நிறுவனத்திடம் எண்ணை மாற்றச் சொன்னாலே பழைய கணக்கு மூடிவிடும்.

அப்புறம் கடைசி பில்லில் 175-க்குப் பதில் 600 முழுதும் வந்தது. ஒப்பந்தத்தில் இருந்த சலுகைத் தொகையையும் மாதங்களையும் வாசித்துக் காட்டினேன், இரண்டாவது அழைப்பில் திருத்திக் கொடுத்தார்கள்.