வண்டி இழுக்கவில்லை என்று ட்யூன் போடாதீர்கள்

போன மாதம் பட்டறைக்கு ஒரு தம்பி வந்தார். இசுஸு வி-கிராஸ், பழைய 2.5 லிட்டர் டீசல். 33 அங்குல டயர், இரும்பு பம்பர், வின்ச், மேலே கூடாரம். "அண்ணா, முன்ன மாதிரி இழுக்கல. ஸ்டேஜ் ஒன் போட்டா சரியாயிடும்ல?" என்றார். ட்யூன் என்றால் என்ஜினை ஆளும் கம்ப்யூட்டரின் (ஈசியூ) மென்பொருளை மாற்றி சக்தியைக் கூட்டுவது. ஸ்டேஜ் ஒன் அதில் முதல் படி. சில வருடங்களுக்கு முன் இதே மாடல் வண்டியோடு நானும் இதையேதான் கேட்டேன். எனக்குக் கிடைத்த பதில், "ஆயிடும் சார், வண்டியை விட்டுட்டுப் போங்க."

ஆயிலை நேரத்துக்கு மாற்றுங்கள், நல்ல பங்கில் டீசல் போடுங்கள் என்பதையெல்லாம் இங்கே சொல்லப் போவதில்லை. அது தெரியாதவர் ட்யூன் பக்கமே வர வேண்டாம். கீழே இருப்பது ட்யூன் விஷயத்தில் நாம் செய்கிற தவறுகள்.

கோளாறு உள்ள வண்டிக்கு ட்யூன்

இதை நினைத்தால் இன்னும் எரிச்சலாக வருகிறது.

அந்த என்ஜின் கம்பெனியிலிருந்து வருவது 320 நியூட்டன் மீட்டர் டார்க்கோடு (சுழற்று விசை). டயரை 30 அங்குலத்திலிருந்து 33க்கு மாற்றினால் சக்கரம் ஒரு சுற்றுக்கு 10 சதவீதம் கூடுதலாக ஓடும். எல்லா கியரும் அந்த அளவுக்கு நீண்டுபோகும், இழுவை குறையத்தான் செய்யும். வம்பே இங்கேதான். உண்மையிலேயே கோளாறு வந்தாலும் "டயர் பெருசு, அதான்" என்று நாமே சமாதானம் சொல்லிக்கொள்கிறோம்.

என் வண்டியில் கோளாறு, டர்போ அழுத்தி அனுப்பும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் ஹோஸில் இருந்தது. பம்பர் மாட்டும்போது அதைக் கழற்றித் திரும்ப மாட்டியது நான்தான். கிளாம்ப் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்துவிட்டது. வண்டி நிற்கும்போது ஒன்றும் தெரியாது, பூஸ்ட் (அந்தக் காற்றின் அழுத்தம்) ஏறினால் மட்டும் காற்று கசியும்.

உள்ளே வரும் காற்றை அளக்கும் சென்சார் டர்போவுக்கு முன்னாலேயே இருக்கிறது. அது கணக்கில் எழுதிய காற்றில் ஒரு பங்கு வழியில் கசிந்து போனால், இல்லாத காற்றுக்கும் சேர்த்து டீசல் இறங்கும். இன்னொரு பக்கம், கேட்ட பூஸ்ட் வரவில்லையே என்று ஈசியூ டர்போவை மேலும் முடுக்கும். கம்பெனி போட்ட மென்பொருளில் (மேப்) இதற்கெல்லாம் வரம்பு வைத்திருப்பார்கள். நிலைமை மீறினால் டீசலைக் குறைத்து வண்டியை மந்தமாக்கிவிடும். 'இழுக்கல' என்று நாம் குறை சொல்வது பல நேரங்களில் இந்தத் தற்காப்பைத்தான். ட்யூன் போடுகிறவர் முதலில் உயர்த்துவதும் அந்த வரம்புகளையே.

ட்யூன் போட்ட இரண்டாவது வாரம் சத்தியமங்கலத்திலிருந்து திம்பம் ஏறினேன். மொத்தம் 27 கொண்டை ஊசி வளைவுகள். முதல் பத்தும் வண்டி பறந்தது, எனக்கு ஒரே குஷி. பாதி மலையில் கண்ணாடியைப் பார்த்தால் பின்னால் வந்த பைக்கைக் காணோம், சாலை முழுக்கக் கரும்புகை. அப்புறம் ஆம்புலன்ஸ் சைரன் மாதிரி ஒரு ஊளை, உடனே லிம்ப் மோடு, அதாவது வண்டி தன்னைக் காத்துக்கொள்ள சக்தியைக் குறைத்துக்கொள்ளும் நிலை. டர்போ போய்விட்டது. ஹெட்டைக் கழற்றினால் மூன்றாவது பிஸ்டனின் கிண்ண விளிம்பு எலி கடித்த தேங்காய்ச் சில்லு மாதிரி உருகிக் கிடந்தது. செலவு ஒன்றரை லட்சத்தைத் தாண்டியது. கிளாம்ப் விலை நூறு ரூபாய்கூட இருக்காது.

ட்யூன் போட்டவர் ஒரு லாக்கூட (ஓட்டும்போது ஈசியூ காட்டும் அளவுகளின் பதிவு) எடுக்கவில்லை. லேப்டாப்பைத் திறந்தார், ஃபைலை ஏற்றினார், நாற்பது நிமிடத்தில் சாவியைக் கையில் கொடுத்தார். எடுக்கச் சொல்லி நானும் கேட்கவில்லை.

லாக் எடுப்பது பெரிய வித்தை இல்லை. ஈசியூவிலிருந்து அளவுகளைப் படிக்கும் ஓபிடி கருவியை மாட்டி, காலியான சாலையில் நான்காவது கியரில் 1500 ஆர்பிஎம்மிலிருந்து ஆக்சிலரேட்டரை முழுசாக மிதியுங்கள். ஈசியூ கேட்ட பூஸ்ட், கிடைத்த பூஸ்ட், அதே மாதிரி ரயில் பிரஷரில் (இன்ஜெக்டருக்குப் போகும் டீசலின் அழுத்தம்) கேட்டது, கிடைத்தது. இந்த ஜோடிக் கோடுகள் ஒட்டியே போக வேண்டும். விலகினால் ட்யூன் பேச்சை நிறுத்திவிட்டு, ஹோஸ் மூட்டுகளில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். இன்டேக்கை அடைத்துக் காற்றழுத்தம் கொடுத்து, சோப்புத் தண்ணீர் தெளித்தால் கசிவு குமிழி விட்டுக் காட்டிக்கொடுத்துவிடும். ட்யூன் போட்ட பிறகும் அதே லாக்கை இன்னொரு முறை எடுங்கள். புகைவெப்ப மீட்டர் ஒன்றும் மாட்டுங்கள். டர்போவுக்கு முன்னால் அளந்து 700 டிகிரியைத் தாண்டி நின்றால் காலை எடுத்துவிட வேண்டும்.

அந்தத் தம்பி வண்டியில் பூஸ்ட் சென்சார் முழுக்க இஜிஆர் (புகையில் ஒரு பகுதியைத் திரும்ப என்ஜினுக்குள் விடும் அமைப்பு) கரி. துடைத்து மாட்டினோம். இன்னும் ட்யூன் கேட்டு வரவில்லை.

ட்யூனுக்கு அப்புறம் பாகம் மாற்றுவது

டயர், இன்டேக், எக்சாஸ்ட் எல்லாம் முதலில். ட்யூன் கடைசி. நடுவில் ஒன்றை மாற்றினால் மறுபடி லாக், மறுபடி காசு.

நண்பனின் ஃபைல்

வேண்டாம். ஒரே மாடலாக இருந்தாலும் ஈசியூ சாஃப்ட்வேர் எண் வேறாக இருக்கலாம்.

ஒரிஜினலை வாங்காமல் வருவது

உங்கள் ஈசியூவிலிருந்து படித்த ஒரிஜினல் ஃபைலைக் கேட்டு வாங்கி இரண்டு இடத்தில் வையுங்கள். ஃபைல் ஏறும்போது பேட்டரிக்கு சார்ஜர் மாட்டியிருக்க வேண்டும். வோல்டேஜ் பாதியில் விழுந்தால் ஈசியூ செத்த கல்தான்.

டிபிஎஃப்பைப் பிடுங்குவது

டிபிஎஃப் என்பது புகையிலுள்ள கரியைப் பிடிக்கும் வடிகட்டி. அதைப் பிடுங்குவது சட்டவிரோதம். கேட்காதீர்கள்.

கிளட்ச்

கூடின டார்க்கில் அடுத்து வழுக்கப் போவது அதுதான். ட்யூன் விலை கேட்கும்போதே அதன் விலையையும் கேட்டுவிடுங்கள்.