24 சொல்லும் சரி, இருப்பு மட்டும் பூஜ்யம்

பிட்காயினின் ரகசியச் சாவியைப் பத்திரமாக வைக்கும் சிறு கருவியான ஹார்டுவேர் வாலட்டை ரீசெட் செய்துவிட்டு, அதை மீட்பதற்காகத் தாளில் எழுதி வைத்திருந்த 24 சொற்களைப் போட்டேன். ஏற்றுக்கொண்டது, பிட்காயின் இருப்பு பூஜ்யம். கேபிளை மாற்றினேன், ஃபர்ம்வேரைப் புதுப்பித்தேன், சொற்களை மறுபடி மறுபடி கருவியிலேயே அடித்தேன். மூன்று நாள் போனது.

சொல் தப்பினால் கடைசிச் சொல்லில் ஒளிந்திருக்கும் செக்சம் என்ற சரிபார்ப்புக் குறி பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் அந்தச் சொற்களோடு நான் கூடுதலாக வைத்திருந்த பாஸ்ஃபிரேஸ் என்ற கடவுச்சொல்லுக்கு அந்தச் சோதனை கிடையாது. ஓர் எழுத்து மாறினாலும் வாய் திறக்காமல் வேறொரு காலி வாலட்டைத் திறந்துவிடும். தாளில் அதன் முதலெழுத்தைப் பெரிய எழுத்தாக எழுதியிருந்தேன். அமைத்தபோது அடித்தது சின்ன எழுத்து. மாற்றியதும், முன்பே குறித்து வைத்திருந்த 8 எழுத்து ஃபிங்கர்பிரின்ட் (வாலட்டின் அடையாளக் குறி) அப்படியே பொருந்தியது. இருப்பும் வந்தது. அப்பாடா!

புதிதாக அமைப்பவர்கள் சிறு தொகையை மட்டும் அனுப்பி, ஒருமுறை ரீசெட் செய்து மீட்டுப் பாருங்கள். மிச்சத்தை அதற்குப் பிறகு அனுப்பலாம்.