உப்புக்காற்றைத் தாங்கும் ஸ்பிரிங் பட்டை

பாம்பன், மண்டபம், தொண்டி போன்ற கடலோர ஊர்களில் பொழுதுபோக்காகச் சிறு கருவிகள் செய்வோர், மெல்லிய ஸ்பிரிங் பட்டையைத் தேர்ந்தெடுக்கும்போது அதன் விறைப்புக்கு முன்பே உப்புக்காற்றை நினைக்க வேண்டும். பழைய அளவு டேப்பிலிருந்து வெட்டிய கார்பன் எஃகுப் பட்டை நன்றாகத் துள்ளும். ஆனால், வெட்டிய விளிம்பில் பூச்சு இல்லாததால் இங்கே விரைவில் துருப்பிடித்து, துரு அரித்த குழியிலிருந்தே விரிசல் தொடங்கிவிடும். எண்ணெய் தடவி, மூடிய பெட்டிக்குள் வைக்கும் வேலைக்கு மட்டுமே அதை நான் எடுப்பேன்.

வெளியில் இருக்கும் வேலைக்கு 301 வகைத் துருப்பிடிக்காத எஃகு ஏற்றது. ஸ்பிரிங் கடினத்துக்குக் குளிர்நிலையில் உருட்டப்பட்டதா என்று கேட்டு வாங்குங்கள். எவர்சில்வர் பாத்திரத் தகடு வளைத்தால் வளைந்தபடியே நின்றுவிடும். மின்தொடர்புக்கு, ஈயப்பற்றை எளிதில் ஏற்கும் பாஸ்பர் வெண்கலமே என் தேர்வு. பெரிலியம் கலந்த செம்பை அரத்தால் தேய்க்கவே கூடாது. அதன் தூசு நுரையீரலைக் கெடுக்கும்.

தடிமனில்தான் பலரும் தவறுகிறார்கள். அகலத்தை இருமடங்காக்கினால் விறைப்பும் இருமடங்காகும். தடிமனை இருமடங்காக்கினாலோ அது எட்டு மடங்காகிவிடும். ஆகவே 0.1 மி.மீ. பட்டை தளர்வாக இருந்தால், உடனே 0.2 மி.மீ. பட்டைக்குத் தாவாமல் 0.15 மி.மீ. பட்டையைச் சோதியுங்கள், அல்லது நீளத்தைக் குறையுங்கள். மெல்லிய இடைவெளிகளை அளக்க மெக்கானிக்குகள் வைத்திருக்கும் ஃபீலர் கேஜ் என்ற தகட்டுக் கட்டின் இதழ்களில் தடிமன் பொறித்திருப்பதால், இச்சோதனைக்கு அவை மிகவும் உதவும்.

மடிப்புக் கோடு, தகட்டை உருட்டியபோது அதன்மேல் விழுந்த மெல்லிய வரிகளுக்குக் குறுக்கே அமையுமாறு பட்டையை வெட்டுங்கள். வரியோடு மடித்தால் எளிதில் உடையும். சிவக்கக் காய்ச்சாதீர்கள், துள்ளல் போய்விடும்.