வேலை போன அன்றிலிருந்து: கையில் உள்ள பணத்தை நாட்களாக எண்ணுங்கள்

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்ன கம்பெனியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். சம்பளம் 19,500. ஒரு வெள்ளிக்கிழமை மாலை கூப்பிட்டு, திங்களிலிருந்து வரவேண்டாம் என்றார்கள். பாக்கிச் சம்பளத்தையும் சேர்த்து என்னிடம் இருந்தது 46,000 ரூபாய். அப்போது தட்டுத் தடுமாறிக் கற்றதை, முதல் தடவை இந்த நிலைக்கு வருபவர்களுக்காக வரிசையாக எழுதுகிறேன்.

படி 1: ராஜினாமா எழுதிக் கொடுக்காதீர்கள்

"நீங்களே ராஜினாமா செய்ததாக எழுதிக் கொடுத்துவிடுங்கள், உங்களுக்கும் நல்லது" என்பார்கள். நானும் பேனாவை எடுத்துவிட்டேன். பக்கத்து சீட் அக்காதான் "அவசரப்படாதே தம்பி, வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லிட்டு வா" என்று இழுத்துப் பிடித்தார். அந்த ஒரு வாக்கியம் எனக்குப் பல ஆயிரம் ரூபாய் மிச்சம் பிடித்தது. ஆட்குறைப்பு என்றால், ஓராண்டாவது தொடர்ந்து வேலை பார்த்த தொழிலாளிக்கு ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கான சம்பளமும், முடித்த ஒவ்வொரு ஆண்டுக்கும் 15 நாள் சம்பளமும் சட்டப்படி உண்டு. நீங்களாக விலகியதாக எழுதிவிட்டால் அதைக் கேட்க முடியாது. ஐந்து வருடம் முடித்திருந்தால் பணிக்கொடை (கிராஜுவிட்டி) தனி. அது ராஜினாமா செய்தாலும் உண்டு.

2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த புதிய ஊதியச் சட்டத்தின்படி, வேலையை விட்டு நிறுத்திய இரண்டு வேலை நாட்களுக்குள் பாக்கிச் சம்பளத்தைத் தரவேண்டும். இழுத்தடித்தால் தொழிலாளர் உதவி ஆணையர் அலுவலகத்தில் மனு கொடுங்கள். சம்பளச் சீட்டு, நியமனக் கடிதம், யூஏஎன் (கம்பெனி மாறினாலும் மாறாத பிஎஃப் எண்), இஎஸ்ஐ (தொழிலாளர் காப்பீடு) எண் எல்லாவற்றையும் ஆபீஸ் மெயிலை முடக்குவதற்கு முன்பே போனில் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

படி 2: அன்றே வீட்டில் சொல்லுங்கள்

நான் நான்கு நாள் டிஃபன் பாக்ஸோடு கிளம்பிப் போய் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருந்தேன். மிச்சமானது ஒன்றுமில்லை, பஸ் காசுதான் போனது.

படி 3: பணத்தை நாட்களாக மாற்றுங்கள்

என்னைக் காப்பாற்றியது இந்தக் கணக்குதான். 46,000 என்று பார்த்தால் சில சமயம் நிறைய இருப்பது போலவும், சில சமயம் ஒன்றுமே இல்லாதது போலவும் தோன்றும். நாளாக மாற்றினால்தான் உண்மை தெரியும். ஒரு மாதச் செலவை எழுதினோம்: வாடகை 7,500, மளிகை, பால், காய்கறி 6,000, கரண்டும் கேஸும் 1,200, பள்ளி வேன் 1,500, அம்மாவின் மாத்திரை 900, பைக் இஎம்ஐ 2,900. மொத்தம் 20,000, அதாவது ஒரு நாளுக்கு 667 ரூபாய். கையில் இருப்பது 69 நாள்.

அப்புறம் வெட்டினோம். வேனை நிறுத்தி, பையனை நானே கொண்டுபோய் விட்டேன். வீட்டில் யாரும் தொடாமல் இருந்த ரேஷன் அரிசியைச் சமைக்க ஆரம்பித்ததும் மளிகையில் 1,300 குறைந்தது. (பச்சரிசியை ஊறவைத்து அரைத்தால் தோசை அருமையாக வரும், கௌரவம் பார்க்காதீர்கள்.) செலவு 17,200 ஆனது. 69 நாள் 80 நாளாயிற்று.

மாத்திரையில் மட்டும் கை வைக்காதீர்கள்.

படி 4: இஎஸ்ஐ அலுவலகத்துக்குப் போங்கள்

மாதம் 21,000 வரை சம்பளம் வாங்குபவர்களுக்கு இஎஸ்ஐ பிடிப்பார்கள். அதை ஆஸ்பத்திரிக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனா என்று ஒரு திட்டம் இருக்கிறது. வேலை இழந்தவருக்குச் சராசரி தினச் சம்பளத்தில் பாதியை, வாழ்நாளில் ஒரு முறை, அதிகபட்சம் 90 நாளுக்குத் தருவார்கள். குறைந்தது இரண்டு ஆண்டு இஎஸ்ஐயில் இருந்திருக்க வேண்டும், பங்களிப்பு நாட்களுக்கும் நிபந்தனை உண்டு. ஒழுங்கு நடவடிக்கையில் நீக்கப்பட்டவருக்கும் விருப்ப ஓய்வு பெற்றவருக்கும் கிடையாது. என் சம்பளத்துக்கு நாளுக்குத் தோராயமாக 325 ரூபாய். 90 நாளுக்கு 29,250. என் கணக்கில் அது இன்னும் 51 நாள்! இந்தத் திட்டத்தைக் காலம் குறிப்பிட்டு நீட்டித்துக்கொண்டே வருகிறார்கள். அதனால் இப்போது அமலில் இருக்கிறதா என்று கிளை அலுவலகத்தில் நேரில் கேட்டுவிடுங்கள்.

படி 5: பிஎஃப் கடைசியில்

கணக்கில் உள்ளதில் 75 சதவீதம் வரை எடுக்கலாம். ஆனால் வேலை போன வாரமே எடுத்தால் வந்த வேகத்தில் கரைந்துவிடும். ஐந்து வருடச் சேவை முடியாமல் 50,000 அல்லது அதற்கு மேல் எடுத்தால் வரியும் பிடிப்பார்கள். பிஎஃப்போடு சேர்ந்த பென்ஷன் பங்கைத் தொடாதீர்கள். ஓய்வூதியத்துக்குப் பத்து வருடச் சேவை வேண்டும், அதை எடுத்துவிட்டால் பழைய வருடங்கள் கணக்கில் வராது.

எடுக்காவிட்டாலும் பதிவுகளை இப்போதே சரிபாருங்கள். நம் ஊரில் பாதிப் பேருக்குச் சிக்கலே இனிஷியல்தான். ஆதாரில் ஒரு மாதிரி, பிஎஃப்பில் அப்பா பெயரோடு வேறு மாதிரி இருந்தால் விண்ணப்பம் திரும்பி வரும். விலகிய தேதியைக் கம்பெனி பதியவில்லையென்றால், இரண்டு மாதம் கழித்து நீங்களே பிஎஃப் இணையதளத்தில் பதியலாம்.

படி 6: கடன்

இஎம்ஐ தவறுவதற்கு முன்பே வங்கிக்குப் போய்ப் பேசுங்கள். தவறிய பிறகு போனால் அபராதத்தைப் பற்றித்தான் பேசுவார்கள். பணம் முடைப்பட்டால் வங்கி நகைக்கடன் பரவாயில்லை. ஐந்து நிமிடத்தில் கடன் தரும் செயலிகள் பக்கமே போகவேண்டாம். கந்துவட்டிக்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2003 முதல் சட்டம் இருக்கிறது. இருந்தாலும் வாசலில் வந்து நிற்பவரிடம் சட்டம் பேசுவது எளிதில்லை.

படி 7: கடைசித் தேதி

புது வேலையில் சேர்ந்த அன்றே சம்பளம் வராது, ஒரு மாதம் ஆகும். எனவே 80 நாள் இருந்தால், பிடித்த வேலைக்காகக் காத்திருக்க உங்களிடம் இருப்பது 50 நாள்தான். அந்தத் தேதியைக் காலண்டரில் வட்டமிட்டேன். அதற்கு முன் வந்த இரண்டு வேலைகளைத் தைரியமாக மறுத்தேன். 47-வது நாள் 17,000 சம்பளத்துக்கு ஒன்று வந்தது, சேர்ந்துவிட்டேன். சேரும்போது பழைய யூஏஎன் எண்ணையே கொடுங்கள். புதிதாக ஒன்று போட்டுவிட்டால் இரண்டையும் இணைக்க மறுபடி அலையவேண்டும்.