டெயில் லைட்டுக்குள் தண்ணீரா? ஓட்டையைக் கண்டுபிடித்து அடைக்கும் வழி

ஐப்பசி மழை தொடங்கிவிட்டால் சென்னையில் பாதி கார்களின் டெயில் லைட்டுக்குள் ஆவி படிந்திருக்கும். மெல்லிய மூட்டம் மட்டும்தான், விளக்கைப் போட்டு அரை மணி நேரம் ஓட்டினால் மறைந்துவிடுகிறது என்றால் கை வைக்காதீர்கள். பல்பு சூடாகும்போது உள்ளிருக்கும் காற்று விரிந்து, பின்பக்கத்துச் சிறு காற்றுத் துளை வழியே வெளியேறும். ஆறும்போது ஈரக்காற்று உள்ளே வரும். அது இயல்பு. துளித்துளியாக வழிந்து அடியில் தண்ணீர் தேங்கினால்தான் நமக்கு வேலை.

டிக்கியைத் திறந்து, ஓரத்து மூடியை எடுத்தால் நட்டுகள் தெரியும். பல கார்களில் 10 மி.மீ. சாக்கெட் போதும். நட்டுகள் வந்ததும் விளக்கை நேராகப் பின்னோக்கி இழுங்கள். பக்கவாட்டில் நெம்பினால் விளக்கைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் முளை உடைந்துவிடும். வயரை இணைக்கும் கப்ளரின் லாக்கை அழுத்திக் கழற்றுங்கள், வயரைப் பிடித்து இழுக்க வேண்டாம்.

பல்பு ஹோல்டர்களைத் திருகி எடுத்து, தண்ணீரை வடித்து, துளைகள் கீழே பார்க்கும்படி டேபிள் ஃபேன் முன்னால் வைத்துவிடுங்கள். ஹேர் டிரையரை விட ஃபேனைத்தான் நம்புவேன். சூடு அதிகமானால் பிளாஸ்டிக் வளைந்துவிடும். அவசரப்பட்டுத் துணியை விட்டு உள்ளே துடைக்காதீர்கள். அந்த வெள்ளிப் பளபளப்பு மெல்லிய அலுமினியப் பூச்சுதான், தேய்த்தால் உரிந்துவிடும்.

அடுத்தது ஓட்டையைக் கண்டுபிடிப்பது. பலர் இதைத் தாண்டிப்போய் விளிம்பு முழுக்க சிலிக்கான் பசையைப் பூசிவிடுகிறார்கள். ஓட்டை வேறெங்கோ இருந்தால் அடுத்த மழைக்கே தண்ணீர் திரும்ப வரும்.

ஒரு ஹோல்டரை மட்டும் வெளியே வைத்துவிட்டு மற்றவற்றைப் பொருத்துங்கள். அந்த ஒரு துளையில் மீன்தொட்டிக்குப் போடும் காற்றுக் குழாயைச் செருகி, சுற்றிலும் இன்சுலேஷன் டேப்பை இறுக்கி ஒட்டுங்கள். காற்றுத் துளைகளையும் டேப்பால் மூடுங்கள். சிலவற்றில் வெள்ளைத் துணி போன்ற சவ்வு இருக்கும், அதைக் குத்திவிட வேண்டாம். இப்போது விளக்கை வாளித் தண்ணீரில் அமுக்கி, டீயை ஊதி ஆற்றுவதுபோலக் குழாயில் மெதுவாக ஊதுங்கள். குமிழி வரிசையாகக் கிளம்பும் இடம்தான் ஓட்டை. தண்ணீருக்குள் மார்க்கர் எழுதாது. விரலை அங்கேயே வைத்தபடி வெளியே எடுத்து, துடைத்துவிட்டுக் குறியுங்கள். கூட ஒரு ஆள் இருந்தால் நல்லது. பிறகு குழாயை வேறொரு துளைக்கு மாற்றி, முதலில் விட்டுவைத்த ஹோல்டரையும் சோதித்துவிடுங்கள். அதன் ரப்பர் வளையம் காய்ந்து போயிருப்பதும் உண்டு. அப்படியானால் வளையத்தையே மாற்றுங்கள், சிலிக்கான் வேண்டாம். நாளைக்கு பல்பு மாற்ற வேண்டியிருக்குமே!

விளிம்பில் கசிந்தால் சோப்புத் தண்ணீரால் கழுவி, நன்றாகக் காயவிட்டு, வினிகர் வாடை இல்லாத நியூட்ரல் சிலிக்கானை மெல்லிய கோடாகப் பூசி, ஒரு நாள் முழுக்க விடுங்கள். வினிகர் வாடை அடிக்கும் சிலிக்கான் மலிவுதான், ஆனால் அது பல்பு முனைகளை அரித்துவிடும். சூப்பர் க்ளூவும் வேண்டாம், சுற்றிலும் வெள்ளை படியும். தின்னர் கொண்டு துடைத்தால் லென்ஸ் வெடிப்பு விடும். லென்ஸிலேயே நீளமாக விரிசல் இருந்தால் ஒட்டுவதில் பயனில்லை. புதிதாக வாங்குங்கள், செலவைக் குறைக்க வேண்டுமானால் பழைய கார் பாகங்கள் விற்கும் சென்னை புதுப்பேட்டையில் ஒரு சுற்று பாருங்கள்.

காற்றுத் துளை டேப்புகளை உரித்துவிட்டு, விளக்குக்கும் பாடிக்கும் நடுவே உள்ள ஃபோம் கேஸ்கெட் நசுங்கவில்லை என்று பார்த்துப் பூட்டுங்கள். அது போனால் தண்ணீர் டிக்கிக்குள் இறங்கி ஸ்டெப்னிக்கு அடியில் நிற்கும். கடைசியாக பிரேக், இண்டிகேட்டர், ரிவர்ஸ் மூன்றும் எரிகிறதா என்று பாருங்கள்.

பின்சேர்க்கை: எல்இடி விளக்குக்கு என்ன செய்வது என்று சிலர் கேட்டிருந்தீர்கள். அதில் சூடு குறைவு என்பதால் மூட்டம் கலைய நேரமாகும், பயப்பட வேண்டாம். தண்ணீரே தேங்கியிருந்தால் வாளிச் சோதனை கூடாது, உள்ளே சர்க்யூட் போர்டு இருக்கிறது. வாரண்டி இருந்தால் கழற்றாமல் அப்படியே சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோங்கள். கார் வாஷில் பிரஷர் கன்னை விளக்கு விளிம்பில் நேராகப் பிடிக்க வேண்டாம் என்றும் சொல்லிவையுங்கள்.